அகதிகளுக்குச் சட்டம் வேண்டும்: சர்வதேச நெறிகளும் இந்திய அரசின் கொள்கையும்

(திருவனந்தபுரத்தில் நடைபெற்ற கருத்தரங்கில் தமிழில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



அகதிகளின் பாதுகாப்புக்கென உலக நாடுகள் ஏற்றுக்கொண்டுள்ள நெறிகளோடு இந்திய அரசின் குடியேற்றக் கொள்கையை ஒப்பிட்டுப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். ஜெனீவாவிலிருந்தோ தில்லியிலிருந்தோ இதைத் தொடங்குவது வழக்கம். இந்நகரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவிலுள்ள கொல்லம் மாவட்டத்துப் புனலூர்ப் பகுதியிலிருந்து தொடங்குவதே பொருத்தம் என நான் கருதுகிறேன்.

அங்கே குளத்துப்புழாவிலும் ஆயிரநல்லூரிலும் பரந்து கிடக்கும் ரப்பர்த் தோட்டங்கள் 1970களில் உருவாக்கப்பட்டவை. இலங்கையின் தோட்டங்களிலிருந்து 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பட்ட தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்கு மறுவாழ்வு அளிப்பதற்காகவே அவை அமைக்கப்பட்டன. ஒன்றிய அரசும் கேரள அரசும் கூட்டாக நடத்தும் மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் அக்குடும்பங்களுக்கு வேலையும் குடியிருப்பும் அளித்தது. நீலகிரியில் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமும் இதே நோக்கத்திற்காக உருவானதுதான். கூலிக்காகவும் வீட்டுக்காகவும் இத்தோட்டங்களில் நடந்த போராட்டங்கள் பல. தோட்டத் தொழிலாளிக்கு எந்த நாட்டிலும் எதுவும் போராடாமல் கிடைத்ததில்லை. ஆயினும் அவர்களிடம் குடியுரிமை இருக்கிறது; வாக்கு இருக்கிறது; சங்கம் வைத்துப் போராடும் உரிமை இருக்கிறது.

அதே மலையகத்தில், அதே லயன் அறைகளில் பிறந்தவர்களில் இன்னொரு பகுதியினரின் கதை வேறு. 1977ஆம் ஆண்டு வன்முறைக்குப் பின் அவர்களில் பலர் வன்னிப் பகுதிக்குத் தப்பிச் சென்று காடு திருத்தி வாழ்ந்தனர். 1983 ஜூலைப் படுகொலைகளுக்குப் பிறகு போர் அவர்களை அங்கிருந்தும் விரட்டியது. வட, கிழக்கு மாகாணத் தமிழர்களோடு சேர்ந்து அவர்களும் படகேறி இராமேஸ்வரத்தில் இறங்கினர். அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறார்கள். இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் பார்வையில் அவர்கள் 'சட்டவிரோதக் குடியேறிகள்'.

ஒரே மொழி, ஒரே தொழில், ஒரே மூதாதையர் ஊர்கள். ஒரு சாரார் ஒப்பந்தத்தின் வழியே கப்பலில் வந்தனர். மறு சாரார் உயிருக்கு அஞ்சிப் படகில் வந்தனர். பின்னவருக்கென இந்த நாட்டில் ஒரு சட்டம் இல்லை. இன்று நாம் பேசவேண்டிய சிக்கல் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

வாக்களித்ததற்குக் கிடைத்த தண்டனை

இம்மக்கள் நாடற்றவர்களானது தற்செயலாக நேர்ந்ததன்று. இலங்கையில் 1947இல் நடந்த பொதுத்தேர்தலில் மலையகத் தொழிலாளர்கள் இலங்கை இந்தியன் காங்கிரஸ் வேட்பாளர்களையும், பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளர்களையும் ஆதரித்தனர். தொழிலாளி வர்க்கத்தின் இந்த ஒன்றுபட்ட வாக்கைக் கண்டு அஞ்சிய டி.எஸ். சேனநாயக்க அரசு, 1948இல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தின் மூலம் அவர்களுடைய குடியுரிமையைப் பறித்தது. அடுத்து வாக்குரிமையும் போயிற்று. அச்சட்டத்தை இலங்கையின் இடதுசாரிக் கட்சிகள் எதிர்த்தன என்பதை இங்கே நினைவுகூர வேண்டும்.

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மனிதர்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. இந்தியாவுக்கு 5,25,000 பேர். இலங்கைக்கு 3,00,000 பேர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அம்மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. 1984இல் இராமேஸ்வரம் - தலைமன்னார் கப்பல் போக்குவரத்து நின்றபோது, இந்தியக் குடியுரிமை வழங்கப்பட்டிருந்தும் வரமுடியாமல் போனவர்கள் ஏராளம்.

மண்டபம் முகாமின் வரலாற்றையும் எண்ணிப் பாருங்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கைத் தோட்டங்களுக்கு அனுப்பப்படும் கூலிகளை, நோய்த்தொற்று உண்டா என்று சோதிப்பதற்காகத் தங்கவைத்த இடம் அது. பாட்டனைக் கடல் கடத்தி அனுப்பிய அதே இடத்தில்தான் பேரன் அகதியாகப் பதிவு செய்யப்பட்டான்.

நான்கு அளவுகோல்கள்

1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையிலும் அதன் 1967ஆம் ஆண்டு நெறிமுறையிலும் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆனால் 1995 முதல் ஐ.நா. அகதிகள் உயர் ஆணையரின் செயற்குழுவில் உறுப்பினராக அமர்ந்திருக்கிறது. மற்ற நாடுகளுக்கு அறிவுரை வழங்கும் மேசையில் இடம் வேண்டும். விதிகளுக்குத் தான் கட்டுப்பட வேண்டாம் என்பதே இந்த நிலைப்பாட்டின் பொருள். அந்த உடன்படிக்கையின் நான்கு அடிப்படை நெறிகளைக் கொண்டு நம் நாட்டின் நிலையை அளந்து பார்ப்போம்.

முதலாவது, அகதி யார் என்று அடையாளம் காண்பது. இனம், மதம், தேசிய இனம், சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகியவற்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தால் நாட்டைவிட்டு வெளியேறியவர் அகதி என்கிறது உடன்படிக்கை. இந்தியச் சட்டத்தில் அப்படியொரு வரையறையே இல்லை. 1946ஆம் ஆண்டு அயல்நாட்டார் சட்டம் சுற்றுலா வந்தவரையும் கடத்தல்காரரையும் உயிருக்கு அஞ்சி ஓடிவந்தவரையும் ஒரே பட்டியலில் வைத்தது. அச்சட்டம் உள்ளிட்ட நான்கு சட்டங்களை நீக்கிவிட்டு 2025இல் கொண்டுவரப்பட்ட குடியேற்றம் மற்றும் அயல்நாட்டார் சட்டம், அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. எண்பது ஆண்டு அனுபவத்திற்குப் பின் எழுதப்பட்ட அச்சட்டமும் அகதியை வரையறுக்கவில்லை. திபெத்தியரையும் இலங்கைத் தமிழரையும் அரசு தானே கையாளுகிறது. மியான்மர், ஆப்கானிஸ்தான் மக்களைத் தில்லியிலுள்ள ஐ.நா. அலுவலகம் பதிவு செய்கிறது. அது தரும் அட்டைக்கு இந்தியச் சட்டத்தில் வலிமை இல்லை.

இரண்டாவது, ஆபத்து காத்திருக்கும் நாட்டுக்கு எவரையும் திருப்பி அனுப்பக்கூடாது என்பது. உடன்படிக்கையின் 33ஆவது பிரிவு கூறும் இந்நெறியே அகதிப் பாதுகாப்பின் உயிர்நாடி. இதை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவில் அடங்கியதாகக் கொண்டு குஜராத் உயர் நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்தது. 2021 மே மாதம் மணிப்பூர் உயர் நீதிமன்றமும் அதே வழியில் நின்று, மியான்மரிலிருந்து வந்த ஏழு பேர் தில்லி சென்று ஐ.நா. அலுவலகத்தை அணுக அனுமதித்தது. ஆனால் அதற்கு முந்தைய மாதம்தான் ஜம்முவில் அடைக்கப்பட்டிருந்த ரோஹிங்கியாக்களை விடுவிக்க உச்ச நீதிமன்றம் மறுத்து, உரிய நடைமுறைப்படி அவர்களை வெளியேற்றலாம் என்றது. 2025 மே மாதம் ரோஹிங்கியாக்கள் சிலர் அந்தமான் கடலில் இறக்கிவிடப்பட்டனர் என்ற செய்தி வெளிவந்தது, ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் அதுகுறித்து விசாரணை தொடங்கினார். சட்டம் இல்லாத இடத்தில், ஒருவரது உயிர் எந்த நீதிமன்றத்தின் எந்த அமர்வு என்பதைப் பொறுத்ததாகிவிடுகிறது.

மூன்றாவது, உயிர் தப்பி வந்தவரை அனுமதியின்றி நுழைந்த குற்றத்திற்காகத் தண்டிக்கக்கூடாது என்பது. கொலைவெறிக் கும்பலிடமிருந்து தப்புகிறவர் விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டு ஓடமுடியாது. புதிய சட்டமோ கடவுச்சீட்டும் விசாவும் இன்றி நுழைந்தால் ஐந்தாண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு 2025 செப்டம்பரில் ஓர் ஆணை மூலம் விலக்கு அளிக்கப்பட்டது. இதை வரவேற்கிறோம். ஆனால் ஆணையால் தந்ததை இன்னோர் ஆணையால் பறிக்கலாம். இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் சிக்கி 2022 மார்ச் முதல் தனுஷ்கோடிக் கரையில் கைக்குழந்தைகளோடு இறங்கியவர்கள் இவ்விலக்குக்கு வெளியே நிற்கிறார்கள். திருச்சியில் 'சிறப்பு முகாம்' என்ற பெயரில், தண்டனைக் காலம் முடிந்தவர்களும் எப்போது விடுதலை என்று தெரியாமல் அடைபட்டுக் கிடக்கும் நிலை இருக்கிறது.

நான்காவது, வாழ்வதற்கான உரிமையும் குடியுரிமைக்கான வழியும். வேலை, கல்வி பற்றி உடன்படிக்கை விரிவாகப் பேசுகிறது. அகதிகள் குடியுரிமை பெறுவதை இயன்றவரை எளிதாக்க வேண்டும் என்கிறது 34ஆவது பிரிவு. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 58,000 பேர் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களிலும், சுமார் 34,000 பேர் காவல்துறைப் பதிவுடன் வெளியிலும் வாழ்கிறார்கள். மாநில அரசு அவர்களுக்குப் பள்ளி, கல்லூரிகளில் இடம் தருகிறது. ரேஷன் அரிசி தருகிறது. 2021இல் 317 கோடி ரூபாய்த் திட்டத்தில் 7,469 வீடுகளை அறிவித்தது. ஆனால் குடியுரிமை ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. 2003ஆம் ஆண்டுத் திருத்தம் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற முத்திரையைக் குத்தி, விண்ணப்பிக்கும் கதவையே அடைத்துவிட்டது. 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்த குழந்தை பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். அப்படிப் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கூட, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்ட பிறகே கடவுச்சீட்டு பெற வழி பிறந்தது. அதன் பின்னர் முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை வேண்டும் என்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்டது என்பதை மறந்துவிட முடியாது.

மதம் என்னும் சல்லடை

குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் மூலம் அகதிகளுக்குத் தீர்வு கண்டுவிட்டதாக ஒன்றிய அரசு கூறுகிறது. 2019இல் நிறைவேற்றப்பட்டு 2024 மார்ச்சில் விதிகள் அறிவிக்கப்பட்ட அச்சட்டம், பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளின் ஆறு மதத்தாருக்கு மட்டும் வழி திறக்கிறது. அகதிகளிடையே இனம், மதம், பிறந்த நாடு என்ற பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது உடன்படிக்கையின் 3ஆவது பிரிவு. அதில் மதத்தையும் பிறந்த நாட்டையும் ஒருங்கே மீறுவதற்கென்றே எழுதப்பட்டது போலிருக்கிறது இச்சட்டம்.

அயல்நாட்டு இந்துக்களின் காவலன் என்று பாஜக தன்னைச் சொல்லிக்கொள்கிறது. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழரில் பெரும்பாலோர் இந்துக்கள், கிறித்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஏன் விடப்பட்டனர்? பாகிஸ்தானில் ஒடுக்கப்படும் அகமதியாக்களும், ஆப்கானிஸ்தானில் கொல்லப்படும் ஹசாராக்களும், மியான்மரில் வேரறுக்கப்படும் ரோஹிங்கியாக்களும் ஏன் விடப்பட்டனர்? துன்பத்தை அளந்து எழுதிய சட்டமாக இருந்தால் இவர்கள் விடுபட்டிருக்க முடியாது. இஸ்லாமியரை வெளியே நிறுத்தும் அரசியலுக்காக எழுதப்பட்டதாலேயே இலங்கைத் தமிழரும் அதன் கணக்கில் வராமல் போயினர்.

எழுப்பப்படும் வாதங்கள்

1951ஆம் ஆண்டு உடன்படிக்கை ஐரோப்பாவுக்காக எழுதப்பட்டது என்று ஒரு வாதம் உண்டு. 1951 ஜனவரிக்கு முந்தைய நிகழ்வுகளால் அகதியானவர்களை மட்டுமே அது கருத்தில் கொண்டது. பிரிவினையால் கோடிக்கணக்கானோர் இடம்பெயர்ந்த நம் துணைக்கண்டத்தின் அனுபவம் அதில் இடம்பெறவில்லை. இது நியாயமான விமர்சனம். ஆனால் அக்கால வரம்பை 1967ஆம் ஆண்டு நெறிமுறை நீக்கிவிட்டது. அதன் பிறகும் அதே காரணத்தைச் சொல்வது சாக்குப்போக்கே ஆகும்.

கையெழுத்திட்ட மேலை நாடுகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்பது அடுத்த வாதம். நடக்கவில்லை. ஆஸ்திரேலியா படகில் வந்தவர்களை நவுரு தீவில் அடைத்தது. பிரிட்டன் அகதிகளை ருவாண்டாவுக்கு அனுப்ப முயன்றது. உலகெங்கும் வலிந்து இடம்பெயர்க்கப்பட்ட மக்களில், பன்னாட்டுப் பாதுகாப்பு தேடி எல்லை கடந்தவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினரை ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளே தாங்குகின்றன. போரை ஏற்றுமதி செய்யும் ஏகாதிபத்திய நாடுகள் அகதியை மட்டும் இறக்குமதி செய்ய மறுக்கின்றன. ஆயினும் ருவாண்டாத் திட்டம் சட்டவிரோதம் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்ததற்குச் சட்டம் என ஒன்று இருந்ததே காரணம். மீறப்படுவதற்கேனும் ஒரு சட்டம் இருந்தால்தான் மீறலை எதிர்த்து வழக்காட முடியும்.

140 கோடி மக்களைக் கொண்ட நாடு தர்மசத்திரம் அல்ல என்ற கருத்து 2025 மே மாதம் உச்ச நீதிமன்ற அமர்விலேயே ஒலித்தது. இலங்கைத் தமிழர் ஒருவரின் மனு விசாரணையின்போது. சத்திரத்தில் தங்குபவன் விரும்பி வந்த பயணி. அகதி விரும்பி வந்தவன் அல்லன். 1971இல் ஏறத்தாழ ஒரு கோடி வங்க மக்களுக்கு இந்த ஏழை நாடு இடம் கொடுத்தது. இன்று முகாம்களிலும் வெளியிலும் உள்ள இலங்கைத் தமிழர் ஒரு லட்சத்திற்கும் குறைவு.

போர் முடிந்துவிட்டதே, திரும்பிச் செல்லலாமே என்பாரும் உளர். விரும்புவோர் பாதுகாப்பாகத் திரும்ப உதவ வேண்டியதுதான். ஆனால் ஐ.நா. உதவியோடு 2025 மே மாதம் தமிழ்நாட்டிலிருந்து திரும்பிய முதியவர் ஒருவர், முன்பு ஆவணமின்றி நாட்டைவிட்டு வெளியேறினார் என்பதற்காகப் பலாலி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். திரும்புவது அகதியின் விருப்பமாக இருக்கவேண்டும் என்று நெறிகள் வலியுறுத்துவதன் காரணம் இதுதான்.

மலிவான உழைப்பும் மறைந்துபோன படகும்

அகதிச் சட்டம் இல்லாமையால் ஆதாயம் அடைபவர் யார்? முகாம் இளைஞர்கள் பலர் கட்டடங்களுக்கு வண்ணம் பூசும் கூலி வேலைக்குச் செல்கிறார்கள். பட்டம் பெற்றவர்களுக்கு அரசு வேலை இல்லை. வெளிநாடு செல்லக் கடவுச்சீட்டு இல்லை. சாரத்திலிருந்து விழுந்தாலும், கூலியைத் தராமல் ஏமாற்றினாலும், வழக்குத் தொடுக்க அஞ்சும் தொழிலாளியே ஒப்பந்தக்காரருக்கு வேண்டியவர். ஆவணமில்லாத உழைப்பு மலிவான உழைப்பு. வளைகுடாவில் கடவுச்சீட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொண்டால் ஒரு தொழிலாளியின் கதி என்னவாகும் என்பதைக் கேரளத்துக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வழி அடைபட்டவர் கடலை நாடுகிறார். 2019 ஜனவரியில் எர்ணாகுளம் மாவட்டத்து முனம்பத்திலிருந்து ஒரு மீன்பிடிப் படகு நூற்றுக்கும் மேற்பட்டோருடன் புறப்பட்டது. தில்லியிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்த தமிழர்களே அதில் மிகுதி, குழந்தைகளும் இருந்தனர். அந்தப் படகு எங்கும் கரை சேர்ந்ததாகத் தகவல் இல்லை. ஆட்கடத்துவோர் மீது வழக்குப் போடுவது அவசியம். ஆனால் சட்டவழி ஒன்று திறந்திருந்தால் அவர்களுக்கு வாடிக்கையாளர் கிடைத்திருப்பார்களா என்ற கேள்விக்கு எந்தக் குற்றப்பத்திரிகையிலும் விடை இராது.

இந்தச் சட்டமின்மை அகதியோடு நிற்பதும் இல்லை. தான் அயல்நாட்டவர் அல்லர் என்று நிரூபிக்கும் சுமையைப் பிடிபட்டவர் மீதே பழைய சட்டம் சுமத்தியது. புதிய சட்டமும் சுமத்துகிறது. அதன் விளைவை 2025இல் கண்டோம். வங்காளம் பேசும் இந்தியத் தொழிலாளர்கள் பல மாநிலங்களில் பிடிக்கப்பட்டு, சிலர் எல்லைக்கு அப்பாலும் தள்ளப்பட்டனர். அப்படித் தள்ளப்பட்ட மேற்கு வங்கக் குடும்பத்தாரைத் திரும்ப அழைத்துவரும்படி கல்கத்தா உயர் நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது. அகதியின் உரிமையைக் காக்காத அரசு, ஏழைக் குடிமகனின் உரிமையையும் காப்பதில்லை.

கேரளம் செய்யக்கூடியது

குடியுரிமையும் அயல்நாட்டார் விவகாரமும் ஒன்றியப் பட்டியலில் உள்ளவை. ஆயினும் மாநிலங்கள் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. 2021 மார்ச்சில் எல்லையை மூடும்படி தில்லி கடிதம் எழுதிய பின்னும், மியான்மரிலிருந்து தப்பி வந்த சின் மக்களை மிசோரம் ஏற்றுக்கொண்டது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக 2019 டிசம்பர் 31 அன்று இந்நகரின் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. 131ஆவது பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றம் சென்ற முதல் மாநிலமும் கேரளமே. இத்தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் சசி தரூர் புகலிடம் பற்றிய தனிநபர் மசோதாவை 2015இலும் பின்னர் 2022இலும் மக்களவையில் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. அவர் கட்சி நெடுங்காலம் ஆட்சியில் இருந்தபோதும் அத்தகைய சட்டம் இயற்றப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு 'குடிமகன்' என்று சொல்லவில்லை. 'எந்த நபரும்' என்று சொல்கிறது. குடியரசின் முதலாண்டிலேயே அப்பிரிவை முன்வைத்து, விசாரணையின்றித் தன்னைச் சிறையில் வைத்திருப்பதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்காடியவர் தோழர் ஏ.கே.ஜி. அன்று அவர் தோற்றார். உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கும் நடைமுறை நியாயமானதாக இருக்கவேண்டும் என்பதை 1978இல்தான் அந்நீதிமன்றம் ஏற்றது. 1996இல் சக்மா அகதிகள் வழக்கில் அப்பாதுகாப்பு குடிமக்கள் அல்லாதோருக்கும் உண்டு என்று உறுதி செய்தது. உரிமைகள் அப்படித்தான் விரிகின்றன: ஒருவர் தொடங்குகிறார், பலர் தொடர்கிறார்கள்.

ஆகவே பின்வரும் கோரிக்கைகளை நாம் மக்களிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

ஒன்று: மதம், நாடு, இனம் என்ற பாகுபாடின்றி அகதியை வரையறுத்து, புகலிட விண்ணப்பத்தை விசாரிக்கும் சுதந்திரமான அமைப்பையும் மேல்முறையீட்டு உரிமையையும் வழங்கும் தேசியச் சட்டம் இயற்றப்பட வேண்டும். இந்தியா 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையிலும் 1967ஆம் ஆண்டு நெறிமுறையிலும் சேரவேண்டும்.

இரண்டு: ஆபத்துள்ள நாட்டுக்கு எவரையும் திருப்பி அனுப்பக்கூடாது என்ற நெறி சட்டத்தில் எழுதப்பட வேண்டும்.

மூன்று: இலங்கைத் தமிழ் அகதிகள் மீதான 'சட்டவிரோதக் குடியேறி' முத்திரை நீக்கப்பட்டு, விரும்புவோர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி திறக்கப்பட வேண்டும். மலையக வம்சாவளியினருக்கும் முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்கும் இதில் முன்னுரிமை வேண்டும்.

நான்கு: காலவரையறையற்ற தடுப்புக்காவல் முடிவுக்கு வரவேண்டும், சிறப்பு முகாம்கள் மூடப்பட வேண்டும்.

ஐந்து: மதத்தின் பெயரால் பிரிக்கும் குடியுரிமைத் திருத்தச் சட்டம் திரும்பப் பெறப்பட வேண்டும்.

தோழர்களே, முகாமில் வாழ்பவருக்கு வாக்கு இல்லை. ஆகவே எந்தத் தேர்தல் கட்சிக்கும் அவர் அவசரமில்லை. வாக்கு உள்ளவர்கள் அவருக்காகப் பேசினால் மட்டுமே இச்சட்டம் பிறக்கும். அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டிய முதல் இடம் தொழிற்சங்கம். கட்டுமானத்திலும் தோட்டத்திலும் மீன்பிடித் துறைமுகத்திலும் பணியாற்றும் நம் சங்கங்கள், உறுப்பினர் சேர்க்கும்போது ஆதார் அட்டையைக் கேட்பதற்கு முன் அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்கட்டும். நமது பணி அங்கிருந்து தொடங்கட்டும்.